ஏ5 ஸ்கெட்ச் நோட்டை வீட்டிலேயே தைப்பது: தாள், துளை, நூல்

கேள்வி இது: “ஈரோடுங்க. படம் வரைவேன். ஏ4 ஜெராக்ஸ் தாளைப் பாதியா வெட்டி அடுக்கி, முதுகுல ஃபெவிகால் பூசி நோட்டு செஞ்சேன். ஒரே மாசத்துல தாள் தாளாக் கழண்டு போச்சு. அடுத்ததை ஓரத்துல ஊசி போட்டுத் தைச்சேன். கழலலை, ஆனா விரியவும் மாட்டேங்குது. துணி அட்டை போட்டு, மேசையில படுத்து விரியற நோட்டு செய்யணும். எங்க ஆரம்பிக்கறது? இதுக்கு வகுப்பு ஏதும் போகணுங்களா?”

வகுப்பு வேண்டாம், மெஷினும் வேண்டாம். பத்து ஏ3 தாள், ஒரு ஊசி, ஒன்றேகால் மீட்டர் நூல், அட்டைக்குக் கொஞ்சம் துணி இருந்தால், கனம் ஏற்றிக் காயவிடும் நேரம் போக, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் நோட்டு கைக்கு வந்துவிடும். அதற்கு முன் உங்கள் இரண்டு நோட்டும் ஏன் கெட்டன என்று பார்த்துவிடலாம்.

முதல் நோட்டில் நீங்கள் செய்தது அச்சகங்களில் ‘பர்ஃபெக்ட் பைண்டிங்’ என்கிற முறை. அங்கே மெஷின் முதுகை அரைத்துச் சொரசொரப்பாக்கி, உருக்கிய சூட்டுப் பசையை அழுத்தி ஏற்றும். வீட்டில் வழவழவென்று வெட்டிய ஓரத்தில் பசைக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைப்பது தாளின் கனம் மட்டுமே. 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 75 கிராம் எடை) தாளில் அது 0.1 மில்லிமீட்டர்தான். நோட்டை நாலு முறை அகல விரித்தால் பிடி விட்டுவிடும். இரண்டாவது நோட்டில் நூல் முதுகிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி மொத்தக் கட்டையும் குறுக்கே கவ்வியிருக்கிறது. அந்த ஒரு செ.மீ. இனி எப்போதும் மடங்காது. வீடியோக்களில் ஜப்பானிய முறை என்று அழகழகாகக் காட்டும் ஓரத் தையலும் இதே ரகம்தான். ஆல்பத்துக்கு ஆகும், வரைவதற்கு ஆகாது.

இரண்டுக்கும் ஒரே மாற்று, நூல் தாளின் மடிப்பு வழியாகப் போக வேண்டும். பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மடிப்பில் இரண்டு பின். அந்தப் பின்னுக்குப் பதில் நூல், அப்படி ஒரு கட்டுக்குப் பதில் நாலு கட்டு. வேலை மொத்தமும் இவ்வளவே. இது புதிதும் அல்ல. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த 4-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் என்ற கோரைத்தாள் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே கட்டாக மடித்து, வளையும் தோல் அட்டைக்குள் தைத்தவை.

இனி இந்த மடித்த கட்டைப் ‘பாரம்’ என்றே சொல்கிறேன். அச்சுத் தொழிலில் 16 பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். நமக்கு எத்தனை தாள் சேர்த்து மடிக்கிறோமோ அது ஒரு பாரம்.

தாளின் நார் ஓட்டம்

புதிதாகத் தைப்பவர்கள் தையலைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நோட்டு கெடுவது பெரும்பாலும் தாளில்தான். காகித ஆலையில் கூழ் ஓடும் வலையின் மேல் பரவும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்ளும். நம் பக்கத்திலேயே, புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையும் கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுக்கின்றன. சக்கையானாலும் மரமானாலும் இந்த ஓட்டம் இருக்கும். அச்சகத்தில் இதைக் ‘கிரெய்ன்’ என்பார்கள். மூங்கிலை நீளவாக்கில் பிளந்தால் நேராகப் பிளக்கும், குறுக்கே உடைத்தால் சிம்பு சிம்பாக நிற்கும். தாளும் அதே மாதிரிதான். நார் மடிப்புக்கு இணையாக ஓடினால் பக்கம் தொய்ந்து படுக்கும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், பக்கம் விறைத்து நிற்கும். இன்னொன்றும் உண்டு. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில் ஊதும். குறுக்கு நார் தாளின் முதுகில் பசை பட்டால் மடிப்போரம் அலை அலையாகச் சுருங்குவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் இரண்டாக வளைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், பிறகு மற்ற பக்கமாகத் திருப்பி அழுத்துங்கள். எந்த வளைவு குறைவாக எதிர்க்கிறதோ, அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. சந்தேகம் இருந்தால் மூலையில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் நாக்கில் தொட்டு நனையுங்கள். உடனே குழல் போலச் சுருளும். குழல் நீட்டி நிற்கும் திசைதான் நார் ஓடும் திசை.

இப்போது கடைத் தாளுக்கு வருவோம். ஏ4 கட்டுகளில் பெரும்பாலானவற்றில் நார் 297 மி.மீ. நீளத்துக்கு இணையாக ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக விழும். ஆக நார் குறுக்கே! ஏ4 ஜெராக்ஸ் தாளில் தைத்த நோட்டு என்ன செய்தாலும் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வழி என்ன? ஏ3 வாங்குங்கள். அதில் நார் 420 பக்கத்துக்கு இணையாக இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்து, நடுவில் வெட்டி இரண்டு ஏ4 ஆக்குங்கள். இந்த ஏ4-இல் நார் 210 பக்கத்துக்கு இணையாக இருக்கும். மடித்தால் மடிப்போடு சேர்ந்து ஓடும். பைண்டிங் கடைக் கட்டிங் மெஷினில் ஒரே வெட்டில் பாதியாக்கித் தருவார்கள். கையால் வெட்டுவதானால் இரும்பு ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும் வேண்டும், ஒரு தடவைக்கு மூன்று நான்கு தாளுக்கு மேல் வேண்டாம்.

ஓவியத் தாள் 22 × 30 அங்குல முழு ஷீட்டாக வாங்கினால் இன்னும் வசதி. நார் 30 அங்குலப் பக்கத்தோடு ஓடினால் 7.5 × 11 ஆக எட்டுத் துண்டு போட்டு, 11-ஐ நடுவில் மடியுங்கள். 5.5 அகலம், 7.5 உயரத்தில் நின்ற வாட்ட நோட்டு. நார் 22 பக்கத்தோடு ஓடினால் 5.5 × 15 ஆக எட்டுத் துண்டு போட்டு, 15-ஐ நடுவில் மடியுங்கள். 7.5 அகலத்தில் படுத்த வாட்ட நோட்டு கிடைக்கும். மலையும் வயலும் வரைகிறவர்களுக்கு இதுவே தோது. இரண்டிலும் துண்டு வீணாவதில்லை. கையால் செய்த காகிதத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. அதில் நார் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும்.

கனத்துக்கு ஏற்ப ஒரு பாரத்துக்கு எத்தனை தாள் என்பது மாறும். 70–80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் (அச்சகங்களில் புழங்கும் வெள்ளைத் தாள்) ஆறு தாள், 100–120-இல் நாலு அல்லது ஐந்து, 150-இல் மூன்று, 200-இல் இரண்டு. 300 வாட்டர் கலர் தாள் என்றால் ஒன்று ஒன்றாகவே தைக்க வேண்டும். பேராசைப்பட்டு 120-இல் பத்து தாளை ஒரே பாரமாக மடித்தால் உள்தாள்கள் வெளித்தாளைவிட ஒரு மி.மீ.க்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டு வரும், மடிப்பும் தடித்து உருண்டுவிடும். பென்சிலுக்கும் பால்பாயின்ட்டுக்கும் 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும். மைப்பேனா என்றால் வாங்குமுன் ஒரு தாளில் கோடு இழுத்துப் பாருங்கள். மேப்லித்தோ அச்சுக்கென்று செய்தது, சிலதில் மை கிளை விடும்.

ஊசி, நூல், மற்றவை

ஊசி நடுத்தரம், முனை மழுங்கியது. கோணி ஊசி வேண்டாம், அது போடுகிற ஓட்டையில் நூல் ஆடும். துளை போடச் செருப்புத் தைப்பவர் குத்தூசி தடிமன். தையல் ஊசி ஒன்றைக் காதுப் பக்கமாகப் பழைய பெயின்ட் பிரஷ் காம்பில் செருகி எம்-சீல் வைத்தால் நல்ல குத்தூசி ஆகிவிடும். மடிப்பை அழுத்த எலும்புக் கத்தி என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வழவழப்பான எவர்சில்வர் ஸ்பூனின் முதுகு அதே வேலையைச் செய்யும். நேராகத் தேய்த்தால் தாள் பளபளக்கும் என்பதால் மேலே ஒரு துண்டுத் தாள் வைத்துத் தேய்க்கவும்.

நூல்தான் முக்கியம். பனியன் கம்பெனிக் கோன் நூல் ரொம்ப மெல்லியது, இறுக்கும்போது மடிப்பை பிளேடு மாதிரி அறுத்துவிடும். பூக்கட்டும் நூல் அறும். செருப்புத் தைக்கும் நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது. லினன் நூல் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றில்லை. கிடைக்காவிட்டால் ஜீன்ஸ் தைக்கும் தடித்த நூல், அரை மி.மீ. வாக்கில். நூலை தேன்மெழுகுக் கட்டியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இரண்டு முறை இழுங்கள். மெழுகு ஏறிய நூல் சிக்கலாகாது, போட்ட இடத்தில் நிற்கும். மெழுகுவத்தியில் இழுத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து தாளில் கறை விடும்.

முதலில் ஒற்றைப் பாரம்

நாலு பாரத்தில் கை வைப்பதற்கு முன், மிச்சத் தாளில் ஒற்றைப் பார நோட்டு மூன்று செய்யுங்கள். ஒன்றுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. ஐந்து தாளை ஒவ்வொன்றாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, வெளியே 250 ஜிஎஸ்எம் அட்டை ஒன்றையும் மடித்துச் சேருங்கள். 210 மி.மீ. உயரத்தில் தலையிலிருந்து 35, 105, 175-இல் மூன்று துளை.

நடுத்துளை வழியாக உள்ளிருந்து வெளியே போங்கள், உள்ளே 8 செ.மீ. வால் விடுங்கள். வெளியில் மேல்துளைக்கு ஏறி உள்ளே வாருங்கள். உள்ளே நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே. பிறகு நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது வாலும் ஊசி நூலும் உள்ளே இருக்கும் நீள நூலுக்கு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்த நீள நூலின் மேல் முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கம் இரண்டும் நின்றால் நடுத்தையலைக் கட்டிப்பிடிக்க ஒன்றும் இருக்காது. முடிச்சு முதலில் வலது நுனியை இடதின் மேல், அடுத்து இடது நுனியை வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே கையை மேலே போட்டால் அது வழுக்குகிற முடிச்சு.

இந்தச் சின்ன நோட்டில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று, நூலை எந்தத் திசையில் இழுப்பது என்பது. எப்போதும் முதுகுக்கு இணையாக, அதாவது தையல் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். உங்களை நோக்கி, தாளுக்குச் செங்குத்தாக இழுத்தால் துளை கிழிந்து நீளும். கிழிந்த துளைக்கு மருந்தில்லை.

நாலு பாரம், துணி அட்டை, நீளத் தையல்

பத்து ஏ3-ஐ வெட்டினால் 20 ஏ4. ஐந்து ஐந்தாக மடித்தால் நாலு பாரம், 80 பக்கம். மடித்த பாரங்களை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஒரு ராத்திரி கனம் ஏற்றுங்கள். ஐந்தாறு கிலோ போதும். இந்த ஊரில் பழைய கிரைண்டர் கல்லுக்கா பஞ்சம்! கல் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மடிப்பில் காற்று நின்று, தைத்து முடித்தபின் நோட்டு கரப்பான் சிறகு மாதிரி வாய் பிளந்து நிற்கும்.

மறுநாள் நாலையும் அடுக்கி, தட்டி நேர்படுத்தி, கையால் அழுத்தி முதுகை அளந்து பாருங்கள். 120 ஜிஎஸ்எம்-இல் 40 இதழுக்கு 6 மி.மீ. வரும், நாலு மடிப்பிலும் நூல் அடைத்துக்கொள்ளும் இடம் 2 மி.மீ. ஆக முதுகு 8 மி.மீ. உங்கள் தாள் வேறு என்றால் எண் மாறும், அளந்ததையே நம்புங்கள். இந்த 2 மி.மீ. விடாமல் அட்டை வெட்டினால் தைத்து முடித்ததும் நோட்டு ஆப்பு மாதிரி முதுகு தடித்து நிற்கும்.

அட்டையின் அளவு: நாலு ஓரத்திலும் 2 மி.மீ. நீட்டல் வைத்தால் உயரம் 214. அகலம் 2 + 149 + 8 + 149 + 2 = 310. ஏ4 அட்டை 297தான், போதாது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 200 ஜிஎஸ்எம் அட்டை எடுங்கள், நார் 214 பக்கத்துக்கு இணையாக இருக்கட்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் முனையால் இடதிலிருந்து 151-இலும் 159-இலும் கோடு அழுத்திக்கொள்ளுங்கள். முதுகு அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்.

துணிக்கு நீங்கள் இருக்கும் இடம் போதும். கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் துண்டுத் துணி கிடைக்கும். சென்னிமலைப் போர்வைத் துணி, கரூர் மேசைவிரிப்புத் துணி, சோமனூர்க் காடா மூன்றும் நல்லது. நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்கணும். பனியன் துணி பின்னல், இழுத்தால் நீளும், அட்டையில் சுருக்கம் விழும். பவானி ஜமக்காளம் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஏ5 நோட்டுக்கு ஓரம் மடித்தால் விரல் தடிமன் வந்துவிடும். ஏ4-க்கு மேல் பெரிய நோட்டுக்கு, ஓரத்தை மடிக்காமல் தைத்துப் பயன்படுத்தலாம்.

துணியை 254 × 350 வெட்டி, அட்டையின் மேல் பசை தடவி, துணியின் நடுவில் வைத்துத் தேய்த்து, நாலு ஓரமும் 20 மி.மீ. உள்ளே மடித்து ஒட்டுங்கள். மூலையைக் குறுக்கே வெட்டும்போது அட்டை முனையிலிருந்து துணி கனத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி வெட்டவும், ஒட்ட வெட்டினால் முனை தெரியும். பிறகு உட்பக்கம் 208 × 304 தாள் ஒன்றை ஒட்டுங்கள். இது அழகுக்கு மட்டுமல்ல. ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டினால் பசை காயும்போது அது அட்டையை இழுத்துக் கிண்ணம் போல வளைக்கும். உட்தாள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமப்படுத்தும். உட்தாளின் நாரும் முதுகுக்கு இணையாகவே. வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து ஒரு நாள் கனம் ஏற்றவும், முதல் இரண்டு மணி நேரத்தில் தாளை இரண்டு முறை மாற்றவும். செய்தித்தாள் வைத்தால் மை துணியில் ஏறும்.

பசை என்ன? மெல்லிய துணிக்கு மைதாப் பசை, மற்ற எல்லாவற்றுக்கும் ஃபெவிகாலைப் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு இளக்கியது. ஃபெவிகால் சீக்கிரம் பிடிக்கும், கோணலாக வைத்தால் நகர்த்த முடியாது, துணி வழியாகக் கசிந்தால் காய்ந்தபின் பளபளவென்று கறை தெரியும். மைதா நிதானமாகக் காயும், கசிந்தாலும் தெரியாது. 50 கிராம் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 300 மில்லி ஆகும்படி கொதிநீர் ஊற்றிச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, ஆறியபின் வடிகட்டவும். குச்சிக்கிழங்கு மாவிலும் செய்யலாம், ஆனால் அது நூல் விட்டு இழுக்கும், பழகாத கைக்கு மைதாதான் அடங்கும். பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலப்பார்கள். நான் ஸ்கெட்ச் நோட்டுக்கு வேண்டாம் என்பேன். அது விஷம், அடுப்படிப் பாத்திரத்தில் புழங்கக் கூடாது. தாமிரம் வருஷக் கணக்கில் தாளையும் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். அதைவிடத் தேவைக்கு மட்டும் காய்ச்சி, ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுவது நல்லது.

இனி துளை. ஒரு துண்டு அட்டையை 210 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, தலையிலிருந்து 15, 75, 135, 195-இல் குறி வையுங்கள். இதுதான் அளவுப்பட்டை. பாரத்தை நடுவில் திறந்து, பட்டையை மடிப்பில் நிறுத்தி, குத்தூசியை 45 பாகையில் சாய்த்து மடிப்புக் கோட்டிலேயே வெளிவரும்படி குத்துங்கள். பழைய டெலிபோன் டைரக்டரி போன்ற தடித்த புத்தகத்தை நடுவில் விரித்து அதன் பள்ளத்தில் பாரத்தை வைத்தால் ஊசி தானாக மடிப்பில் போகும். குத்துமுன் எல்லாப் பாரத்தின் தலையிலும் பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். துளைகள் சம தூரத்தில் இருப்பதால், தலைகீழான பாரம் கண்ணுக்குத் தெரியாது. குத்தும்போது விழுந்த அரை மி.மீ. வித்தியாசம் தைத்து முடித்தபின் படி படியாகத் தெரியும்.

அட்டையில் துளை 2 மி.மீ. தள்ளி விழணும், ஏனென்றால் அட்டை தலையில் 2 மி.மீ. நீட்டியிருக்கிறது. ஆக 17, 77, 137, 197. அகலவாக்கில் நாலு வரிசை: இடதிலிருந்து 152, 154, 156, 158. மொத்தம் 16 துளை. வெறும் அட்டையில் இப்படி 2 மி.மீ. இடைவெளியில் குத்தினால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்து வரும். துணி ஒட்டியிருப்பதால்தான் தாங்குகிறது.

தையல். அட்டையின் உட்பக்கம் மேலே பார்க்க வைத்து, முதல் பாரத்தை இடது வரிசையில் நிறுத்துங்கள். துளைகளைத் தலையிலிருந்து 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்வோம். பாரத்தின் நடு மடிப்பிலிருந்து 1 வழியாகப் பாரத்தையும் அட்டையையும் துளைத்து வெளியே போங்கள், உள்ளே 10 செ.மீ. வால். நூலை அட்டையின் தலை விளிம்பைச் சுற்றி மறுபடி நடு மடிப்புக்குக் கொண்டுவந்து வாலோடு முடிச்சுப் போடுங்கள். அடுத்து உள்ளே 2-க்கு இறங்கி வெளியே, வெளியில் 3-க்கு இறங்கி உள்ளே, உள்ளே 4-க்கு இறங்கி வெளியே. முதல் பாரம் முடிந்தது.

இரண்டாம் பாரத்தை வைத்து, வெளியிலிருக்கும் நூலை அடுத்த வரிசை 4 வழியாக உள்ளே விடுங்கள். உள்ளே 3-க்கு ஏறி வெளியே, வெளியில் 2-க்கு ஏறி உள்ளே, உள்ளே 1-க்கு ஏறி வெளியே. மூன்றாம் பாரம் 1-இலிருந்து கீழே, நான்காம் பாரம் 4-இலிருந்து மேலே. கடைசியில் நூல் நான்காம் வரிசை 1-இல் வெளியே நிற்கும். அதைத் தலை விளிம்பைச் சுற்றி உள்ளே கொண்டுவந்து, 1-க்கும் 2-க்கும் நடுவே கிடக்கும் நூலின் அடியில் இரண்டு முறை சுற்றி முடிந்து, ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். முதுகில் நாலு நீளக் கோடு இணையாகத் தெரியும், தலையில் இரு ஓரமும் ஒவ்வொரு சுற்று. இந்த நோட்டின் முதுகில் ஒரு சொட்டுப் பசை கிடையாது. அதனால்தான் மேசையில் படுக்கிறது.

ஒவ்வொரு பாரமும் முடிந்ததும் நூலை இறுக்கிவிட்டே அடுத்ததற்குப் போகவும். கடைசியில் மொத்தமாக இறுக்கலாம் என்று விட்டால் முதல் பாரம் தொளதொளவென்றே நிற்கும், நூல் அவ்வளவு துளை தாண்டித் திரும்பி வராது. மறுபக்கம், முஷ்டி பலத்தில் இறுக்கினால் அட்டையின் முதுகு சுருங்கி வளையும். நூலை விரலால் மீட்டினால் ஆடக் கூடாது, ஆனால் துணியில் பள்ளமும் விழக் கூடாது.

அதற்கு அடுத்தது

முதுகில் தையல் தெரியாமல் மூட வேண்டும் என்றால் பாரங்களைத் தனியாக ஒன்றோடொன்று கோத்துத் தைத்து, பிறகு அட்டை போட வேண்டும். ஏ5-க்கு ஆறு துளை: 12, 60, 85, 125, 150, 198. ஓரத் துளைகளில் கீழ்ப் பாரத்தோடு சங்கிலி முடிச்சு, நடுவில் ஒவ்வொரு வெளித்தையலும் கீழ்ப் பாரத்தின் தையலுக்கு அடியில் நுழைந்து வரும். தைத்த முதுகில் மெல்ல ஒரு பூச்சு ஃபெவிகால், அதன் மேல் காடாத் துணிப் பட்டை, இரு பக்கமும் 20 மி.மீ. இறங்கும்படி. அட்டையை முதல், கடைசித் தாள்களிலும் அந்தப் பட்டையிலும் மட்டும் ஒட்டவும். முதுகோடு அட்டையை ஒட்டவே கூடாது. ஒட்டினால் நீங்கள் ஓரத்தில் தைத்த நோட்டின் விறைப்பு திரும்ப வந்துவிடும். நீளத் தையலில் இரண்டு நோட்டு முடித்தபின் இதற்கு வாருங்கள்.

காலமும் கொஞ்சம் பார்க்கணும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பசை தடவி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடும். ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஐப்பசி மழையில் மைதாப் பசை ஒட்டிய அட்டைக்கு இரண்டு நாள் கனம் வேண்டும், அரைகுறையாகக் காய்ந்ததை அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

வாட்டர் கலர் அடிக்கிறவர், அல்லது டிக்கெட், இலை, துணித்துண்டு ஒட்டுகிறவர் என்றால் ஒரு சேதி. பக்கங்கள் தடிக்கத் தடிக்க நோட்டின் முன் ஓரம் விசிறி போல விரியும், முதுகு மட்டும் 8 மி.மீ.யிலேயே நிற்கும். அதற்கு ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் 30 மி.மீ. அகலப் பட்டைத் தாள் இரண்டை மடித்துச் செருகிச் சேர்த்தே தைத்துவிடுங்கள். முதுகில் இடம் கூடும், முன் ஓரத்தில் கூடாது. நாலு பாரத்துக்கு எட்டுப் பட்டை, 120 ஜிஎஸ்எம்-இல் முதுகு இரண்டரை மி.மீ. கூடுதலாக வரும். அட்டை அளவெடுக்கும்போது அதையும் சேர்த்து 10.5 என்று வெட்டவும், வரிசைகளையும் 2.6 மி.மீ.க்கு ஒன்றாக நகர்த்தவும்.